மூக்கு தூக்குற அம்பாசடர், கழட்டிக்கிற பெல்ட்டு: கற்பனை ஹாஃப் ட்ராக் கோளாறுக்கு வைத்தியம்

முன்னாடி சக்கரம் பின்னாடி பெல்ட்டு, ஹாஃப் ட்ராக்னா அவ்ளோதான். ஆனா ரெண்டாம் உலகப்போர்ல ஓடுன அமெரிக்காக்காரன் எம்3யோ ஜெர்மன்காரன் 251ஓ பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி ஒட்டுறது வேற, குட்டி மாடல் அம்பாசடருக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் பின்சக்கரத்தை கழட்டி எறிஞ்சிட்டு பெல்ட்டு மாட்டுறது வேற. கிட்ல தப்பு வந்தா கூட வர்ற ஷீட்டை எடுத்து பாக்கலாம், நாமளே மனசுல ஓட்டுன வண்டில தப்பு வந்தா யாரைப்போய் கேக்குறது. நான் கடலூர் புதுநகர்ல (என்டி) மொட்டைமாடி ஷெட்ல ஒக்காந்து சில வருஷமா இந்த வேலைதான் பண்றேன், அம்பாசடர் ஒண்ணு, எக்ஸ்எல் ஒண்ணு, மோட்டார் வெச்சு ஓடுற ஷேர் ஆட்டோ ஒண்ணு முடிஞ்சிருக்கு, குப்பைக்கு போனது அதவிட ஜாஸ்தி. கீழ இருக்கற கோளாறு எல்லாமே நான் பட்டதுதான். உங்க வண்டில எது தெரியுதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க, வரிசையா படிக்கணும்னு இல்ல.

அதுக்கு முன்னாடி மூணு சாமான் எடுத்து வெச்சுக்கங்க. பழைய ஃபோட்டோ ஃப்ரேம் கண்ணாடி ஒண்ணு, ஓரத்துல டேப் ஒட்டிக்கங்க கை கிழிச்சிரும். ஒரு விசிட்டிங் கார்டு. ஒரு மெட்டல் ஸ்கேல். டைனிங் டேபிள் மேல வெச்சு வண்டி கோணலா நேரான்னு பாக்காதீங்க, எங்க வீட்டு டேபிள் நடுவுல பள்ளம், அது தெரியாம ஒழுங்கா இருந்த வண்டியோட அச்சை ரெண்டு தடவ பிரிச்சு ஒட்டுனேன்.

முன்சக்கரம் தரையை தொடல, மூக்கை தூக்கிக்கிட்டு நிக்குது

இதுதான் முதல் வண்டில எல்லாருக்கும் வர்றது. காரணம் சின்னது. அம்பாசடர் டயர் நெசத்துல சுமார் 65 சென்டிமீட்டர் உயரம், 35ல ஒரு பங்கா சுருக்குன 1/35 அளவுல அது 18, 19 மிமீ, அப்போ பின்அச்சு தரைல இருந்து 9 மிமீ மேல இருக்கும். நீங்க ஏதோ மிலிட்டரி கிட்ல இருந்து எடுத்த போகியோட (பெல்ட்டு சுத்துற சக்கரங்க சேந்த செட்டு) பல்சக்கரத்தை அந்த அச்சு எடத்துல மாட்டிருப்பீங்க, அந்த பல்சக்கரத்தோட நடுப்புள்ளி தரைல இருந்து 14 மிமீன்னு வைங்க. 5 மிமீ பின்னாடி ஏறிடுச்சா. பின்னாடி ஏறுனா மூக்கு கீழ தானே போகணும்னு தோணும், போகாது, ஏன்னா பெல்ட்டோட அடிப்பக்கம் நீளமா பட்டையா இருக்கு, அதை பாடிக்கு இணையா ஒட்டிட்டா வண்டி மொத்தமும் பெல்ட்டு மேலயே ஒக்காந்துரும், பாடி அப்படியே 5 மிமீ மேல போயி முன்சக்கரம் அந்தரத்துல தொங்கும்.

போகியை ஆடுற மாதிரி விட்டிருந்தா வேற மாதிரி தெரியும், முன்சக்கரம் தரைல நிக்கும் ஆனா டிக்கி தேள் கொடுக்கு மாதிரி தூக்கிக்கும். ரெண்டும் ஒரே வியாதி.

கண்ணாடி மேல வண்டிய வெச்சு முன்சக்கரத்துக்கு அடில கார்டை விட்டு பாருங்க. சுலபமா உள்ள போச்சுன்னா சக்கரம் தொங்குதுன்னு அர்த்தம், லேசா உரசிக்கிட்டு போனா சரியா இருக்கு. சரி பண்ண மூணு வழி. பல்சக்கரத்தை சின்னதா மாத்தலாம், ஆனா அப்புறம் ட்ராக் பல்லு ஒக்காராது. முன்னாடி லாரி சக்கரம் மாதிரி பெருசா போட்டு அச்சுக்கு கட்டை குடுத்து ஏத்தலாம், ஆனா அம்பாசடரோட அழகே அந்த குண்டு மட்காட்ல தான் இருக்கு, அதுக்குள்ள லாரி டயர் அடைச்சா எனக்கு பிடிக்கல. நான் பண்றது மூணாவது, டிக்கி தரையை வெட்டி போகியை அந்த 5 மிமீ உள்ள ஏத்திடறது. வெட்டுறதுக்கு முன்னாடி எவ்ளோ வெட்டணும்னு கார்டை அடுக்கி அளந்துக்கங்க, முன்சக்கரத்துக்கு அடில எத்தனை கார்டு போனா வண்டி நேரா நிக்குதோ அந்த கனம்தான் வெட்ட வேண்டிய ஒசரம்.

போகியை கடைசி வரைக்கும் ஒட்டாதீங்க. கெக்ரெஸ் பண்ணின வண்டிகள்லயே போகி பின்அச்சை சுத்தி மேல கீழ ஆடும். அடால்ஃப் கெக்ரெஸ் ஃப்ரான்ஸ்காரர், ரஷ்ய ஜாரோட கார் ஷெட்டை பாத்துக்கிட்டவர், பனில மன்னர் கார் மாட்டிக்கக்கூடாதுன்னு ரப்பர் பெல்ட்டு மாட்டினதுல ஆரம்பிச்சுது இந்த ரப்பர் பெல்ட்டு கதையெல்லாம். பாடி, எடை, சக்கரம் எல்லாம் முடிஞ்சப்புறம் கண்ணாடி மேல நிக்க வெச்சு அது தானா எங்க ஒக்காருதோ அங்க ஒரு சொட்டு பசை.

அப்பவும் முன்சக்கரம் லேசா தூக்குச்சுன்னா எடை பத்தல. கடலூர் பழையநகர்ல (ஓடி) துறைமுகம் பக்கம் வலை சாமான் கடைல ஈயக்குண்டு கெடைக்கும், பேனட்டுக்கு அடில ரெண்டு மூணு எம்சீல் வெச்சு பொதைச்சிருங்க. ஈயம் தொட்ட கையோட டீ குடிக்காதீங்க, கை கழுவிட்டு போங்க.

ட்ராக் ரொம்ப விறைப்பா இருக்கு, இல்லன்னா கயித்துக்கட்டில் மாதிரி தொங்குது

மாடல் பண்றவங்ககிட்ட ஒரு பழக்கம் இருக்கு, ட்ராக்னா மேல்பக்கம் தொங்கணும்னு. டாங்கிய பாத்து வந்த பழக்கம் அது, ஹாஃப் ட்ராக்குக்கு எப்பவும் பொருந்தாது. உங்க கற்பனை வண்டி எந்த சாதின்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

ஃப்ரெஞ்சு கார் கம்பெனி சித்ரோயன் போட்ட கெக்ரெஸ் சாதின்னா ஒரே ரப்பர் பெல்ட்டு, விறைப்பாதான் இருக்கும், தொங்கவிட்டா தப்பு. அமெரிக்க எம்3யும் ரப்பர் பட்டைதான், உள்ள ஸ்டீல் கம்பி ஓடும், மேல ஒரே ஒரு ரோலர் தாங்கிக்கிட்டு இருக்கும், அதுவும் விறைப்புதான். ஜெர்மன் 251 சாதில தான் இரும்பு லிங்க், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுன மாதிரி பெரிய சக்கரங்க, மேல்பக்க ட்ராக் அந்த சக்கரங்க தலைமேலயே படுத்துக்கும். நாலாவதா மவுல்டியர், ஜெர்மன்ல கோவேறு கழுதைன்னு அர்த்தம், சும்மா இருந்த ஓப்பல் பிளிட்ஸ் லாரியோட பின்சக்கரத்தை எடுத்துட்டு ட்ராக் போட்டது, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு அதுதான் குலதெய்வம்.

நெசமான ரப்பர் பெல்ட்டு எப்படி நிக்கும்னு பாக்க பாரிஸ் மியூசியத்துக்கு போக வேண்டாம். தை மாசம் புவனகிரி, சிதம்பரம் பக்கம் போங்க, சம்பா அறுப்புக்கு பெல்ட்டு மெஷின் எறங்கியிருக்கும், டயர் மெஷின் சேத்துல மாட்டும்னு பெல்ட்டு மெஷினுக்கு ஜாஸ்தி வாடகை குடுத்து கூப்பிட்டிருப்பாங்க. பக்கவாட்டுல நின்னு ஃபோட்டோ எடுங்க, டிரைவர் அண்ணன்கிட்ட கேட்டுட்டு எடுங்க. சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல பெல்ட்டு எவ்ளோ எறங்குது, சேறு எங்க அடைச்சிருக்கு, எந்த எடம் தேஞ்சு பளபளன்னு இருக்கு எல்லாம் அதுல இருக்கு. என் அம்பாசடர் பெல்ட்டை நான் அந்த ஃபோட்டோவ பாத்துதான் திருத்துனேன், அதுவரைக்கும் டாங்கி மாதிரி தொங்கவிட்டு வெச்சிருந்தேன், ரப்பருக்கு துரு கலர் வேற அடிச்சிருந்தேன். ரப்பர் எங்கயாவது துருப்பிடிக்குமா. கருஞ்சாம்பல் அடிச்சு மேல மண்ணு தூசி, அவ்ளோதான், உள்பக்கம் இருக்கற இரும்பு பல்லுக்கு மட்டும் துரு.

ஒரு லிங்க் பத்தல, இல்ல ஒரு லிங்க் மிச்சமா நிக்குது

கண்ணால பாத்து வெட்டுனா இது வரும். கணக்கு லேசானது. முன்சக்கரம், இழுக்காம சும்மா சுத்துற கடைசி சக்கரம் (ஐட்லர்) ரெண்டும் ஒரே அளவுன்னு வைங்க (பெல்ட்டோட முன்சக்கரத்தை சொல்றேன், வண்டியோடது இல்ல), ரெண்டு நடுப்புள்ளிக்கும் இடைல இருக்கற தூரத்தை ரெண்டால பெருக்கி, சக்கரத்தோட சுத்தளவை கூட்டினா பெல்ட்டு நீளம். இங்கதான் பெரும்பாலும் கோட்டை விடறது, சுத்தளவுக்கு சக்கரத்தோட விட்டம் மட்டும் எடுத்தா பத்தாது, ட்ராக்கோட கனத்தையும் விட்டத்தோட சேக்கணும்.

என் அம்பாசடர் கணக்கு: நடு தூரம் 52 மிமீ, ரெண்டு மடங்கு 104. சக்கரம் 16 மிமீ, ட்ராக் கனம் 1.5, சேத்தா 17.5, அதோட சுத்தளவு 55. மொத்தம் 159. ஒரு லிங்க் 4 மிமீன்னா 39.75 லிங்க் வரும். முக்கால் லிங்க் கடைல விக்க மாட்டான், 40 போட்டுக்கங்க, 160 ஆச்சு, மிச்சம் இருக்கற 1 மிமீ மேலயும் கீழயும் பாதிப்பாதி பிரியும், அதனால ஐட்லரை அரை மிமீ பின்னாடி தள்ளுனா சரியா ஒக்காந்துரும். இதனால ஐட்லர் ஓட்டையை எப்பவும் வட்டமா போடாதீங்க, நீட்டு ஓட்டையா போட்டுக்கங்க. நெச வண்டிலயும் பெல்ட்டு டைட் பண்ண ஐட்லர்தான் நகரும்.

ஜாயிண்ட் பிரிஞ்சு வருது, பசையே பிடிக்க மாட்டேங்குது

மெத்து மெத்துன்னு இருக்கற வினைல் ட்ராக்கு, மாடல் ஒட்டுற பசையான பிளாஸ்டிக் சிமெண்ட்டுக்கு பெரும்பாலும் பிடிக்காது. சூப்பர் க்ளூ பிடிக்கும், அப்புறம் காஞ்சு கண்ணாடி மாதிரி ஆயி வளைக்கும்போது டப்புன்னு விடும். பழைய கால வழி, சின்ன குமிழை ஓட்டைல சொருகி பழுக்க காய்ச்சுன ஸ்க்ரூ டிரைவரால அமுக்கி உருக்கறது, இன்னிக்கும் அதுதான் நிக்குது. சைக்கிள் ட்யூப் வெட்டி பெல்ட்டு பண்றவங்க நைலான் நூலால ரெண்டு தையல் போட்டுட்டு அப்புறம் க்ளூ வைங்க. ஜாயிண்ட்டை மட்காடுக்கு அடில மறைச்சிருங்க, யாரும் தூக்கி பாக்க போறதில்ல, பாக்குறவன் நம்மள மாதிரி ஆளுன்னா மன்னிச்சிடுவான்.

ஒரு எச்சரிக்கை, சூப்பர் க்ளூவை பருத்தி துணியால தொடைக்காதீங்க, பஞ்சு மேல நெறைய பட்டா குபுகுபுன்னு சூடாகும், லுங்கில கொட்டி தொடை பொத்துப்போனவன் சொல்றேன்.

ட்ராக் தொட்ட சக்கரம் எல்லாம் உருகி வழிஞ்சிருக்கு

ஷோகேஸ்ல வெச்ச வண்டிய ஆறு மாசம் கழிச்சு எடுத்தா சக்கரத்துல ட்ராக்கோட அச்சு அப்படியே பதிஞ்சு கொழகொழன்னு இருக்கா? வெயில் இல்ல காரணம். வினைலை மெத்துன்னு வெக்க உள்ள ஒரு எண்ணெய் மாதிரி சாமான் சேக்கறாங்க, அது கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு பாலிஸ்டைரீன் (கிட் பிளாஸ்டிக்) சக்கரத்தை தின்னுடுது. நம்ம ஊர் சூட்டுல இன்னும் சீக்கிரம் நடக்கும். ஆன சக்கரத்துக்கு வைத்தியம் இல்ல, உப்புத்தாள் போட்டு தேச்சு எம்சீல் வெச்சு திரும்ப வட்டமாக்கலாம், இல்லன்னா வேற சக்கரம். அடுத்த தடவ சக்கரத்துக்கு நல்லா ப்ரைமர், மேல பெயிண்ட்டு, ரெண்டும் முழுசா காஞ்சப்புறம் ட்ராக் போடுங்க, நடுவுல ஒரு தோல் இருந்தா ரொம்ப நாள் தாங்கும். சந்தேகம்னா தனித்தனி லிங்க்கா வர்ற கெட்டி பிளாஸ்டிக் ட்ராக்குக்கு மாறிடுங்க, ஒட்டுறதுக்குள்ள தாவு தீரும் ஆனா உருகாது.

மோட்டார் வண்டி: மணல்ல எறங்குன உடனே பெல்ட்டு கழண்டுக்குது

ஷேர் ஆட்டோவ 1/18ல பண்ணி ரெண்டு பக்கமும் ஆளுக்கு ஒரு என்20ங்கற குட்டி கியர் மோட்டார் வெச்சு வீட்டு ஹால்ல சும்மா பறந்துச்சு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அக்கா பையனை கூட்டிக்கிட்டு தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்கு எடுத்துட்டு போனா, பத்தடி போகல, எடது பெல்ட்டு கழண்டு விழுந்துச்சு. மாட்டுனேன், ஆறடி, திரும்ப. சுண்டல் விக்கற அம்மா முதற்கொண்டு நின்னு வேடிக்கை பாத்தாங்க, மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து வண்டிய மல்லாக்க போட்டு மோட்டாரை ஓடவிட்டு பின்னாடி இருந்து பாத்தேன். இந்த சோதனையை நீங்களும் முதல்ல பண்ணுங்க, காத்துல ஓடும்போதே பெல்ட்டு ஒரு பக்கமா ஊர்ந்துச்சுன்னா கோளாறு சக்கரத்துல, மணல் மேல பழி போடாதீங்க. ஐட்லர் அச்சு பல்சக்கர அச்சுக்கு இணையா இல்லன்னா இது நடக்கும், ஒரு பக்கத்தை அரை மிமீ தள்ளி பாருங்க, இன்னும் மோசமா போச்சுன்னா எதிர்ப்பக்கம் தள்ளுங்க. அதோட நெல் அரைக்கிற மில்லுல பட்டை பெல்ட்டு ஓடுற புல்லியை கவனிச்சிருக்கீங்களா, வழுவழுன்னு நேரா இருக்காது, நடுவுல லேசா புடைப்பா இருக்கும், அந்த புடைப்புதான் பெல்ட்டை நடுவுலயே பிடிச்சு வெக்குது. நான் ஐட்லருக்கு நடுவுல இன்சுலேஷன் டேப்பை சன்னமா வெட்டி ரெண்டு சுத்து சுத்தினேன், பாதி வியாதி அங்கயே போச்சு.

மீதி பாதி மணல். காஞ்ச மணல் பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல போயி அடைச்சுக்கும், பெல்ட்டு உள்ள இருந்து தடிச்ச மாதிரி ஆயி பல்ல விட்டு மேல ஏறிடும். மூடி வெச்ச தட்டு சக்கரத்துல மணல் வெளிய போக வழியே இல்ல, ஆரம் வெச்ச சக்கரமா, நடுவுல ஓட்டை போட்டதா மாத்துங்க, பெல்ட்டுலயும் லிங்க்குக்கு லிங்க் சின்னதா ஓட்டை குத்துங்க, கொட்டிக்கிட்டே போகும். பெல்ட்டு உள்பக்கம் நடுவுல ஒரு வரிசை வழிகாட்டி பல்லு கட்டாயம் வேணும், ஹவாய் செருப்பு ரப்பரை கட்டம் கட்டமா வெட்டி ஒட்டுனாலே போதும். அதுக்கப்புறம் ஈர மணல் ஓரமா ஓட்டுனேன், தண்ணி தொட்டு ஓடுச்சு. ஓட்டிட்டு வந்து நல்ல தண்ணில கழுவுங்க, உப்பு ஏறுன மோட்டார் அடுத்த வாரம் சுத்தாது.

நேரா போகுது, ஆனா திரும்ப மாட்டேங்குது

ரெண்டு பெல்ட்டையும் ஒரே கம்பி அச்சுல மாட்டிருக்கீங்களா? அப்போ ரெண்டும் ஒரே வேகத்துலதான் சுத்தும், முன்சக்கரத்தை எவ்ளோ ஒடிச்சாலும் அது பாட்டுக்கு தரையை கீறிக்கிட்டு நேரா போகும். ஒரு மோட்டார்னா ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் வைங்க, ரெண்டு மோட்டார்னா ஸ்டியரிங் திரும்பும்போது உள்பக்க மோட்டாரோட வேகத்தை குறைக்கற மாதிரி செட் பண்ணுங்க. இது ஏமாத்து வேலை இல்ல, 251 மாதிரி ஜெர்மன் ஹாஃப் ட்ராக் இப்படித்தான், ஸ்டியரிங்கை கொஞ்சம் ஒடிச்சா முன்சக்கரம் மட்டும் திரும்பும், அதுக்கு மேல ஒடிச்சா உள்பக்க ட்ராக்குக்கு பிரேக் விழும். கெட்டன்கிராட்னு என்எஸ்யூ கம்பெனி பண்ணின பைக் ட்ராக்கும் அப்படித்தான், 36 குதிரைசக்தி கார் எஞ்சினை வெச்சுக்கிட்டு முன்னாடி பைக் மாதிரி ஒரே ஒரு சக்கரம், பாதி வேலை அந்த சக்கரத்துக்கு இல்லவே இல்ல.

ஓடாத வண்டிலயும் இந்த கோளாறு கண்ணுக்கு தெரியும். தரைல படுற பெல்ட்டு நீளம், எடது பெல்ட்டுக்கும் வலது பெல்ட்டுக்கும் நடுவுல இருக்கற அகலத்தை விட ரொம்ப ஜாஸ்தியா போனா, பாக்குறவனுக்கு ஏன்னு தெரியாமலே இது திரும்பாதுன்னு தோணிடும். ஆட்டோல பெல்ட்டை குட்டையா வைங்க. நீளமா வேணும்னு அடம் பிடிச்சா உள்ள பிரேக் கம்பி ரெண்டு ஓடுற மாதிரியாவது காட்டுங்க.

எல்லாம் ஒழுங்கா ஒட்டியாச்சு, ஆனா நெச வண்டி மாதிரி இல்ல, பொம்மை மாதிரியே இருக்கு

இதுக்கு ஸ்கேல் போட்டு அளக்க முடியாது, நெறைய பேர் பெயிண்ட்டை குறை சொல்வாங்க. பெயிண்ட்டு இல்ல. வண்டிக்கு எஞ்சின்ல இருந்து பெல்ட்டு வரைக்கும் வழி இருக்காங்கறதுதான் கேள்வி. அம்பாசடர் பின்சக்கரத்துல ஓடுற வண்டி, எஞ்சின் முன்னாடி, நடுவுல ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், பின்னாடி டிஃபரன்ஷியல். அப்போ இழுக்கற பல்சக்கரம் அந்த அச்சோட முனைலதான் இருக்க முடியும். நீங்க பல்சக்கரத்தை பெல்ட்டோட முன்பக்கம் கொண்டு வந்திருந்தா அச்சும் கூட முன்னாடி வரணும், ஷாஃப்ட்டு குட்டையாகணும், மவுல்டியர்ல நெசமாவே அப்படித்தான் ஷாஃப்ட்டை வெட்டி அச்சை முன்னாடி நகத்துனாங்க. இதை பண்ணாம பல்சக்கரத்தை மட்டும் நகத்துனா அது எதோடயும் சேராத சக்கரம், அடில யாரும் பாக்கலன்னாலும் பக்கத்துல இருந்து பாத்தாலே பொய் தெரிஞ்சிரும்.

அடுத்து சைலன்ஸர். என் முதல் அம்பாசடர்ல புகைக்குழாய் நேரா போயி பெல்ட்டுக்குள்ள முட்டி நின்னுது, நான் ஒரு வருஷமா கவனிக்கவே இல்ல, பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுற அண்ணன்தான் ஒரே பார்வைல "என்னா தம்பி, பொகை எங்க போவும்"னு கேட்டாரு. இப்போ கதவோரமா மேல ஏத்தி கூரைக்கு பக்கத்துல விட்டிருக்கேன், வெள்ளம் வந்தாலும் தண்ணி ஏறாது, கதைக்கும் ஆச்சு. டிக்கி தரையை வெட்டிட்டோமே பெட்ரோல் டேங்க் எங்க? டிக்கிக்குள்ள தூக்கி வெச்சு மூடியை வெளிய காட்டுனேன். பின்கதவு தொறக்குமா? பெல்ட்டு கதவுக்கு அடில வந்துட்டா தொறக்காது, கதவோட கீழ்ப்பாகத்தை வெட்டணும் இல்லன்னா பின்பக்கத்தையே பிக்கப் மாதிரி ஆக்கிடணும். ஸ்டெப்னி ஒண்ணுதான், முன்சக்கரத்துக்கு மட்டும், பழக்கதோஷத்துல ரெண்டு மாட்டாதீங்க.

கடைசியா, அந்த வண்டி யாருக்கு எதுக்கு. என் எக்ஸ்எல்லு மீன் ஏத்துற வண்டி, தாழங்குடா பக்கம் படகு ஒதுங்குற எடத்துல இருந்து மணல் தாண்டி ரோட்டுக்கு கூடை கொண்டாரணும். எஞ்சின்ல இருந்து வர்ற செயினை ஒரு குறுக்கு அச்சுக்கு குடுத்து அதோட ரெண்டு முனைலயும் பல்சக்கரம், ரெண்டு பெல்ட்டு, நடுவுல ஐஸ் பெட்டி. முடிச்சு பெருமையா தெரிஞ்ச மீன்கார மாமா ஒருத்தர்கிட்ட காட்டுனேன். திருப்பி திருப்பி பாத்தாரு. "ஐஸ் தண்ணி எங்க வடியுது, பெல்ட்டு மேலயா, வழுக்குமே." அன்னிக்கே பெட்டிக்கு பின்பக்கம் பேனா ரீஃபிலை வெட்டி ஒரு வடிகுழாய் வெச்சேன், கீழ ஈர மண் கலர் ஒரு கோடு. அந்த ஒரு குழாய்க்கு அப்புறம்தான் அது வண்டி ஆச்சு.

இப்போ கைல இருக்கறது பாண்டிச்சேரி வண்டி. 1922 டிசம்பர்ல அல்ஜீரியால இருக்கற துகூர்த்ல இருந்து கெளம்பி 1923 ஜனவரில திம்புக்டு போயி சேந்துச்சு சித்ரோயன் ஹாஃப் ட்ராக் அஞ்சு, சகாராவ தாண்டின முதல் மோட்டார் வண்டிங்க. 1931ல இன்னொரு கூட்டம் பெய்ரூட்ல கெளம்பி ஸ்ரீநகர், கில்கிட் வழியா இமயமலைய தாண்டுச்சு, வழி இல்லாத எடத்துல வண்டிய பார்ட் பார்ட்டா பிரிச்சு ஆளுங்க தூக்கிட்டு போனாங்க. அதுல ஒண்ணு தெக்க வந்து பாண்டில ஃப்ரெஞ்சுக்காரன் கைல மாட்டி, 1954ல அவங்க கெளம்பும்போது விட்டுட்டு போயி, அப்புறம் வீராம்பட்டினத்துல வலை இழுத்துக்கிட்டு இருந்தா எப்படி இருக்கும்? முழுக்க என் கற்பனை, ஆனா இதுல இருந்தே பாதி முடிவு தானா வருது: பெல்ட்டு விறைப்பா, பழசா, வெடிச்சு, ஒரு பக்கம் லாரி டயரை வெட்டி ஒட்டுப்போட்டது, ஃப்ரெஞ்சு பெயிண்ட்டுக்கு மேல படகுக்கு அடிச்ச மிச்ச நீலம்.

பெயிண்ட்டு அடிச்சதும் வெள்ளையா பூத்துக்குது

ஈரக்காத்து. ஐப்பசி கார்த்திகைல ஸ்ப்ரே கேனை கீழ வைங்க, பெஞ்சல் புயல் வந்த வாரம் அடிச்சது இன்னும் சாம்பல் பூசுன மாதிரியே இருக்கு. மத்த மாசத்துல காலைல பத்து மணிக்கு மேல, மத்தியானம் கடல்காத்து திரும்பறதுக்கு முன்னாடி அடிச்சு முடிச்சிருங்க. பூத்தது லேசா இருந்தா காஞ்ச நாள்ல மேல சன்னமா தின்னர் மட்டும் ஒரு கோட்டு விட்டா பெரும்பாலும் போயிடும். ஜன்னல் கண்ணாடி மட்டும் பூத்திருந்தா அது ஈரம் இல்ல, சூப்பர் க்ளூ ஆவி, கண்ணாடிய ஃபெவிகால் வெச்சு ஒட்டுங்க.

நம்பர் பிளேட் ஸ்டிக்கருக்கு அடில வெள்ளி மாதிரி மின்னுதுன்னா அடில மேட் பெயிண்ட்டு இருக்கு, முதல்ல பளபளப்பு வார்னிஷ் (க்ளாஸ் கோட்டு) அடிச்சிட்டு ஒட்டுங்க. கடலூர்னா டிஎன் 31, பாண்டின்னா பிஒய் 01, ஆனா 1930 வண்டிக்கு இதை ஒட்டி வெக்காதீங்க, ஒருத்தர் ஒட்டியிருந்ததை பாத்தேன்.

சின்ன பசங்க எடுத்து ஓட்டி முன்அச்சு ஒடிஞ்சுபோச்சு

எங்க வீட்டுல மாசத்துக்கு ஒரு தடவ. "மாமா நான் தொடவே இல்ல"ம்பான் அக்கா பையன், கைல சக்கரம் இருக்கும். ஒடிஞ்ச அச்சை முனைக்கு முனை ஒட்டாதீங்க, நிக்காது. ரெண்டு பக்கமும் சன்ன ட்ரில் பிட்டால ஓட்டை போட்டு குண்டூசிய தலை வெட்டி உள்ள சொருகுங்க, மேல ரீஃபில் குழாய் ஒரு துண்டு போத்தி எம்சீல் வெச்சு மூடிடுங்க. சக்கரம் தரைய தொடுதான்னு எம்சீல் எறுகறதுக்கு முன்னாடியே கண்ணாடி மேல வெச்சு கார்டு விட்டு பாத்துருங்க, அப்புறம் ராத்திரி முழுக்க பரண் மேல.